வெள்ளிமலைச் சாமைக்கு ஒரு லைன் வண்டி



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் கரியாலூர், அப்புறம் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் எந்தப் பெட்டிக்கடை முன்னால் போய் நின்றாலும், தலைக்கு மேலே சரம் சரமாக பாக்கெட்டுகள் தொங்கும். ஐந்து ரூபாய் பிஸ்கட், பத்து ரூபாய் சிப்ஸ், கேக். எங்கோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழிற்சாலையில் தயாராகி, லாரி ஏறி, மொத்த வியாபாரியிடம் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி மாறி, மலை வளைவுகளை எல்லாம் கடந்து வந்து தொங்குகிறது அந்தப் பாக்கெட். ஐந்து ரூபாய்க்கு!

அதே மலையில் சாமை விளைகிறது. தினையும் கேழ்வரகும் விளைகின்றன. தேன் எடுக்கிறார்கள். அதெல்லாம் கீழே வருவது பெரும்பாலும் மூட்டையாகவும் டின்னாகவும்தான். மூட்டையாக இறங்கும் பொருளுக்கு விலை சொல்பவர் வியாபாரி. பாக்கெட்டாக இறங்கினால் செய்தவரே விலையை அச்சடிக்கலாம். மேலே போகத் தெரிந்த பாக்கெட்டுக்குக் கீழே வரத் தெரியாதா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நம் ஊர் பேக்கரிகளைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பேக்கரி இல்லாத ஊர் எது? கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று எங்கே பஸ்ஸை விட்டு இறங்கினாலும் பன் வேகும் வாசனைதான் முதலில் வரவேற்கிறது. டீயில் முக்க ஒரு ரஸ்க், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் தேங்காய் பன், காய்ச்சலில் படுத்தவருக்கு பிரெட், பிறந்தநாளுக்கு அரைக் கிலோ கேக். நம் வீட்டு மாதக் கணக்கில் பேக்கரிக்கு ஒரு வரி எப்போதோ வந்துவிட்டது.

ஆனால் அந்த பேக்கரிக்காரரிடம் போய், "தொழில் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் 'ரிட்டர்ன்' பற்றித்தான் புலம்புவார்.

லைன் வண்டி என்பார்களே, அதில்தான் இந்தத் தொழிலின் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. விடிவதற்குள் ட்ரேக்களை ஒரு குட்டியானை வேனில் அடுக்கிக்கொண்டு டிரைவர் கிளம்புகிறார். வழியில் உள்ள டீக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றிலும் பன், பிரெட் போடுகிறார். அடுத்த முறை வரும்போது விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பன்னைக் கடைக்கு 8 ரூபாய்க்குப் போடுகிறார், அடக்கம் 7 ரூபாய். 100 பன்னில் 88 விற்றால் லாபம் 88 ரூபாய். திரும்பி வந்த 12 பன்னின் அடக்கம் 84 ரூபாய். கையில் நிற்பது 4 ரூபாய். அதில் டீசல் யார் போடுவது?

மழைக்காலம் வந்தால் இன்னும் மோசம். பிரெட்டில் மூன்றாம் நாளே பூஞ்சை எட்டிப் பார்க்கும். அதனால்தான் பன் வண்டி முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. எத்தனை நாள் கெடாமல் இருக்குமோ, அத்தனை தூரம்தான் சரக்கு போகும். விநியோகத்தை விரிவாக்குவது என்றவுடன் நம்மவர்கள் முதலில் யோசிப்பது இன்னொரு வண்டி வாங்குவதைப் பற்றி, இன்னொரு கிளை திறப்பதைப் பற்றி. நான் சொல்வேன், முதலில் பண்டத்தை மாற்றுங்கள். மூன்று நாள் பன்னோடு கூட, மூன்று மாதம் தாங்குகிற ஒரு பிஸ்கட்டையும் செய்யுங்கள். நல்ல கவரில் காற்றுப் புகாமல் மூடினால் நமுத்துப் போகாது. பிறகு சேலம் என்ன, புதுச்சேரி என்ன, சென்னை என்ன, எல்லாமே பக்கத்து ஊர்தான்.

"பிஸ்கட்டில் பெரிய கம்பெனிகளோடு மோத முடியுமா?" என்று கேட்பீர்கள். சாதாரண மைதா பிஸ்கட்டில் முடியாது. 1892-ல் கொல்கத்தாவில் 295 ரூபாய் முதலீட்டில் தொடங்கியதுதான் பிரிட்டானியா. ஆனால் இன்று அவர்கள் மொத்தமாக வாங்கும் விலைக்கு நமக்கு மைதா கிடைக்குமா? அந்த ஆட்டத்துக்கே போக வேண்டாம். அவர்களால் செய்ய முடியாததை நாம் செய்வோம். கல்வராயன் சாமையும் கல்வராயன் தேனும் நமக்குத்தானே பக்கத்தில் இருக்கின்றன?

இதில் ஒரு தொழில்நுட்ப உண்மையும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. மைதா மாவைப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடுகிறதே, அது குளூட்டன் என்ற புரதத்தின் வேலை. ஈஸ்ட் விடும் காற்றை அதுதான் பிடித்து வைத்து பிரெட்டை உப்ப வைக்கிறது. சாமையிலும் கேழ்வரகிலும் குளூட்டன் கிடையாது. அவற்றை மட்டும் வைத்து பிரெட் போட்டால் செங்கல் மாதிரி வரும். பன்னில் ஐந்தில் ஒரு பங்கு கேழ்வரகு மாவு சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் பேக்கரி மாஸ்டர் முகம் சுளிப்பார். பிஸ்கட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பிஸ்கட் உப்ப வேண்டாம், நொறுங்க வேண்டும். சிறுதானியம் தானாகவே நன்றாக நொறுங்கும்.

வேலை இருப்பது அதற்கு முந்தைய கட்டத்தில். சாமை மிகச் சின்ன மணி, உமி கெட்டியானது. மலையில் பெண்கள் உரலில் இட்டு உலக்கையால் குத்திப் புடைத்து அரிசியாக்கிய காலம் ஒன்று உண்டு. ஒரு வேளைச் சோற்றுக்கே தோள்பட்டை கழன்றுபோகும் வேலை அது. ரேஷன் அரிசி வந்ததும் வீடுகளில் சாமை பின்வாங்கியதற்கு இந்தத் தோள்வலியும் ஒரு காரணம். குற்றம் சொல்ல முடியுமா? உமி நீக்கும் இயந்திரம் மலையிலேயே இருந்தால் பாதிப் பிரச்னை தீரும். அடுத்தது கல். பாறையிலும் தரையிலும் அடித்து எடுக்கும் தானியத்தில் பொடிக்கல் கலந்துதான் வரும். வீட்டில் அரித்து எடுத்துவிடுவோம். பிஸ்கட்டில் ஒரே ஒரு கல் ஒரு குழந்தையின் பல்லில் கடிபட்டால், அந்த வீட்டில் அந்தப் பாக்கெட் மறுபடி நுழையாது. ஆகவே கல் நீக்கும் இயந்திரமும் வேண்டும்.

மூன்றாவது, மாவு. சிறுதானியத் தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு. அரைத்து நாளானால் காறல் வாசனை அடிக்கும். கம்பு மாவில் இது சீக்கிரமே தெரிந்துவிடும். கேழ்வரகில் கொழுப்பு குறைவு, கொஞ்சம் தாங்கும். எனவே மூட்டைக் கணக்கில் மாவாக்கி அடுக்கி வைக்காமல், இந்த வாரத்துக்கு வேண்டியதை இந்த வாரம் அரைக்க வேண்டும். மலை அடிவாரத்து பேக்கரிக்கு இது எளிது. தூரத்துத் தொழிற்சாலைக்குக் கஷ்டம். நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி இந்த அருகாமைதான்.

அடுத்து தேன். ஹனி கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே மஞ்சள் கேக், அதில் ஊறிய பாகு, மேலே சிவப்பு ஜாம், அதன் மேல் தேங்காய்த் துருவல். தமிழ்நாட்டில் அதைத் தின்னாத பிள்ளை உண்டா? பெரும்பாலான கடைகளில் ஊறியிருப்பது சர்க்கரைப் பாகுதான். தேன் விலைக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். எல்லாக் கேக்கிலும் ஊற்றச் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள், சனிக்கிழமை என்று வையுங்களேன், கல்வராயன் தேன் ஊற்றிய கேக், விலை கொஞ்சம் கூடுதல் என்று ஒரு போர்டு எழுதி வைத்துப் பாருங்கள். முதல் வாரம் பத்து பேர் வாங்குவார்கள். அந்தப் பத்து பேரும் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

இதெல்லாம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, யாராவது செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள், அதுவும் நம் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. மலையாளி பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் இடம். டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதி 1993-ல் அங்கே போய்ப் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியோடு அவர்கள் நிற்கவில்லை. மக்களின் நோய்க்குப் பின்னால் சாப்பாடும், சாப்பாட்டுக்குப் பின்னால் விவசாயமும், விவசாயத்துக்குப் பின்னால் கடனும் இருப்பதைப் பார்த்தார்கள். அங்கே விவசாயிகள் சேர்ந்து இயற்கை விவசாயச் சங்கம் ஒன்றை உருவாக்கினார்கள். விட்டுப்போன சிறுதானியங்கள் வயலுக்குத் திரும்பின. பெண்கள் அவற்றை பிஸ்கட்டாகவும் மாவாகவும் செய்து விற்கத் தொடங்கினார்கள். சிட்டிலிங்கிப் பெண்கள் செய்த சிறுதானிய பிஸ்கட் இன்று நகரத்துக் கடைகளுக்கும் போகிறது. மலையின் அந்தச் சரிவில் முடிந்தது இந்தச் சரிவில் முடியாதா?

அங்கே மக்கள் ஒன்றுசேர்ந்து செய்தார்கள். நம்மிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே ஓவன் வைத்து, மாஸ்டர் வைத்து, லைன் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் பேக்கரிகள் இருக்கின்றன. மலையில் மகளிர் குழுக்கள் தானியத்தைச் சுத்தம் செய்து தரட்டும். அடிவாரத்து பேக்கரி சுடட்டும். இரண்டையும் முடிச்சுப் போடுவதுதான் பாக்கி.

சின்ன முதலீட்டில் தொடங்கி பெரிய சந்தைக்குப் போனவர்கள் தமிழ்நாட்டில் குறைவா? ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல் சென்னை ராயபுரத்தில் அருண் ஐஸ்கிரீமைத் தொடங்கியபோது கையில் இருந்தது 13,000 ரூபாய். சென்னைக் கடைகளில் பெரிய பெயர்கள் இடம்பிடித்திருந்த நிலையில், எண்பதுகளில் அவர் சிறு நகரங்கள் பக்கம் திரும்பினார். உருகிப்போகிற ஐஸ்கிரீமையே வெளியூருக்கு அனுப்பி விற்க முடிந்தபோது, உருகாத பிஸ்கட்டுக்கு என்ன வந்தது?

இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம், கடலூர் சின்னி கிருஷ்ணன். கள்ளக்குறிச்சியும் கடலூரும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டம்தானே! பாட்டிலில் வாங்க முடியாத குடும்பங்களுக்கு ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் கொடுத்தவர் அவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பூவோடு தனியாகத் தொடங்கியதுதான் இன்றைய கெவின்கேர். அவர்கள் கண்டுபிடித்தது ஷாம்பூவை அல்ல. ஒரு குடும்பத்தின் அன்றைய கைக்காசுக்குள் அடங்கும் அளவை.

அந்த அளவைத்தான் நம் பேக்கரிகளும் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. சிறுதானியம் என்றாலே கண்ணாடி ஜாடி, பிரவுன் பேப்பர் கவர், 200 கிராம் 180 ரூபாய் என்று சென்னை, பெங்களூரு கடைகளைக் குறிவைத்து அடிக்கிறார்கள். அங்கே விற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சங்கராபுரத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கும், வெள்ளிமலையில் அந்தச் சாமையை விதைத்த வீட்டுப் பிள்ளைக்கும் பத்து ரூபாய்க்கு நாலு பிஸ்கட் கிடைக்க வேண்டாமா? பத்து ரூபாய் பாக்கெட்டில் லாபம் குறைவுதான். அது ஓடுகிற ஓட்டத்தில்தான் பெயர் நிற்கும்.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை போகிற வண்டிகள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். சேலம் சாலையும் அங்கேதான் பிரிகிறது. தெற்கே போகிறவர்கள் மணப்பாறையில் முறுக்கு வாங்குகிறார்கள், கோவில்பட்டியில் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, தூத்துக்குடியில் மக்ரூன். உளுந்தூர்பேட்டையில் டீ குடித்துவிட்டு, கள்ளக்குறிச்சியின் பெயர் சொல்லி வாங்கிப் போக என்ன இருக்கிறது? நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்களில் ஒரு மேஜை போதும். சென்னைக்காரர் ஒருவர் வாங்கிப் போய் ருசி பார்த்து மறுபடி கேட்டால், அனுப்புவதற்கும் வழி இருக்கிறது. அரசு விரைவுப் பேருந்துகளில் 2022-லிருந்து பார்சல் சேவை உண்டு. கூரியர்கள் இருக்கின்றன. சின்னசேலத்தில் ரயில் நிற்கிறது.

வரியிலும் ஒரு நல்ல மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், கேக் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பாக்கெட் போட்டு வெளியூர் அனுப்பத் தயங்கிய சின்ன பேக்கரிகளுக்கு இது மூச்சுவிட இடம் தரும். இயந்திரம் வாங்க, மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த குறு உணவுத் தொழில்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று வைத்தார்கள். இப்போதைய விவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாஸ்டருக்குப் பயிற்சி வேண்டுமென்றால் தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது, கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. குழுப் பெண்களின் பொருட்களுக்கு 'மதி' என்ற பெயரில் அரசே கடை விரித்திருக்கிறது.

இனி கொஞ்சம் கண்டிப்பாகவும் பேச வேண்டும்.

கவரில் பெரிய எழுத்தில் 'சிறுதானிய பிஸ்கட்' என்று போட்டுவிட்டு, உள்ளே நூற்றுக்கு எண்பது பங்கு மைதாவைப் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. தாய்மார்கள் நம்பி வாங்குகிறார்கள். தயவுசெய்து நம் மாவட்டத்து பேக்கரிகள் அதைச் செய்ய வேண்டாம். சாமை 40 சதவீதம் என்றால் 40 என்றே முகப்பில் அச்சடியுங்கள். டால்டாவில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம்தான் உச்சவரம்பு. வெண்ணெயில் செய்தால் விலை ஏறும், அதையும் சொல்லியே விற்கலாம். வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. அதற்காகக் கேழ்வரகு பிஸ்கட்டைக் கூழுக்கும் களிக்கும் பதிலாக நினைத்துவிடாதீர்கள். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த எதுவும் தின்பண்டம்தான். பிள்ளை எப்படியும் ஒரு பிஸ்கட் தின்னப் போகிறது, அது இதுவாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

மலைத் தானியத்தை பேக்கரிக்குக் கொண்டுவருவதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1976 வரை பரம்பரை நில அதிபர்களான ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை கல்வராயன். நாடு சுதந்திரம் பெற்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அந்த மக்களுக்கு அந்தப் பிடி விலகியது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் தாமதமாகத்தான் மேலே ஏறின. பிழைப்பு இல்லாத இடத்தில் சாராய ஊறல் நுழைந்தது, செம்மரம் வெட்டக் கூட்டிப்போகும் தரகர்கள் நுழைந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த வாரம் நம் ஊர்ப் பெயர் எந்தெந்த செய்திகளில் எப்படி எப்படி அடிபட்டது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் ஊர்ப் பெயரைக் கேட்டவர்கள் எதைச் சொல்லி அனுதாபப்பட்டார்கள் என்பதும் நினைவிருக்கும். அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

ஊறலை அழித்தால் போதாது, வேறு வருமானம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த வேறு வருமானம் எங்கிருந்து வரும்? பிஸ்கட் மட்டும் ஒரு மலையைத் தூக்கி நிறுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பேக்கரி மாதா மாதம் இத்தனை கிலோ சாமை அரிசி, இத்தனை லிட்டர் தேன், இன்ன விலைக்கு எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்தால், அதை நம்பி ஒரு குடும்பம் அடுத்த பட்டத்துக்கு விதைக்கும். அந்த வீட்டுப் பெண் சுத்தம் செய்து தருகிற வேலைக்கு வாரக் கூலி வாங்குவாள். பத்து பேக்கரிகள் அப்படி எழுதிக் கொடுத்தால்?

பேக்கரி உரிமையாளர்களே, இதில் உங்களிடம் ஒரு நிபந்தனையும் வைக்கிறேன். கடைக்காரர்கள் உங்களுக்கு எத்தனை நாள் கடன் சொல்லி இழுத்தடிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதே இழுத்தடிப்பை மலைக்கு ஏற்றிவிடாதீர்கள். தானியத்துக்கான பணம் அன்றே கைக்குப் போக வேண்டும். பணம் தாமதமாகும் வீட்டு வாசலில்தான் தரகர் வந்து முன்பணத்தோடு நிற்பார்.

குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை பேக்கரிக்குப் போகும்போது, "சாமை பிஸ்கட் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பரவாயில்லை, "எப்ப வரும்?" என்று இன்னொரு கேள்வி. ஒரே வாரத்தில் பத்து பேர் கேட்டால் எந்த முதலாளியும் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசுவார். தீபாவளிக்கு ஆபீஸில், சங்கத்தில், பள்ளியில் மொத்தமாகப் பண்டம் ஆர்டர் கொடுப்பவர்கள், இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். தானியம் வாங்கிச் சுத்தம் செய்ய அந்த அவகாசம் வேண்டும்.

சாமையிலோ கேழ்வரகிலோ ஏற்கெனவே சுட்டுப் பார்த்த பேக்கரிக்காரர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், எவ்வளவு மாவு, எந்தச் சூடு, எத்தனை நாள் நமுக்காமல் இருந்தது, கடையில் எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது என்று எழுதி அனுப்புங்கள். திரும்பி வந்த கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கென இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்